இருமொழி எல்லையில் முன்பருவக் கல்வி: திருத்தணி வட்டாரத்தில் புலம்பெயர் குடும்பக் குழந்தைகளும் பண்பாட்டுக்கு இயைந்த துணையும்

ஆய்வுச் சுருக்கம்

மூன்று முதல் ஆறு வயது வரையிலான பருவத்தில் குழந்தை முதன்முறையாக வீட்டைவிட்டு ஒரு பொது நிறுவனத்திற்குள் நுழைகிறது. அந்நிறுவனத்தின் மொழியும் உணவும் பழக்கங்களும் வீட்டினின்று முற்றிலும் வேறுபட்டிருப்பின், அக்குழந்தையின் தொடக்கக் கற்றல் தடைப்படுகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தையும், அது அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்குப் பருவந்தோறும் வரும் ஒடிசாக் குடும்பங்களையும் களமாகக் கொண்டு, அங்கன்வாடி மையங்கள் இக்குழந்தைகளுக்குப் பண்பாட்டுக்கு இயைந்த துணையை எவ்வாறு வழங்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எல்லையோர மக்களின் அன்றாட இருமொழிப் பழக்கத்தை ஒரு கற்பித்தல் முறையாகக் கொண்டு அதனைப் புதிதாக வருவோருக்கும் விரிவுபடுத்தலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: முன்பருவக் கல்வி, அங்கன்வாடி, புலம்பெயர் குடும்பம், வீட்டுமொழி, திருத்தணி, செங்கற்சூளை, இருமொழியம்.

முன்னுரை

புலம்பெயர்ந்தோரின் கல்வி பற்றிப் பேசும் தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் அயல்நாடுகளில் வாழும் தமிழ்க் குழந்தைகளையே நோக்குகின்றன. கனடாவிலும் நார்வேயிலும் ஆஸ்திரேலியாவிலும் தமிழ்க் குழந்தை தன் தாய்மொழியை இழக்காதிருக்க வேண்டும் என்னும் அக்கறை நம்மிடம் ஆழமாக உள்ளது. தமிழகத்திற்குள் வேலை தேடி வரும் பிறமொழிக் குடும்பங்களின் குழந்தைகள் அதே நிலையில் இருப்பது அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை.

இக்குழந்தைகளைப் பற்றிய பேச்சு எழும்போதும் அது பள்ளி வயதிலிருந்தே தொடங்குகிறது. ஆறு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் என்ன கிடைத்தது என்னும் வினா விடுபட்டுப் போகிறது. சொல்வளம், எண்ணுணர்வு, பிறரோடு கூடி விளையாடும் பழக்கம், ஆசிரியரை நம்பும் மனநிலை ஆகியவற்றின் அடித்தளம் இப்பருவத்திலேயே அமைகிறது. எனவே இக்கட்டுரை பள்ளிக்கு முந்தைய பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல்: கருத்து விளக்கம்

குழந்தையின் வீட்டு மொழி, வழக்கங்கள், முன்னறிவு ஆகியவற்றைக் குறைபாடாகக் கருதாது, கற்றலுக்கான கருவியாகக் கொள்வதே பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல் ஆகும். அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன் பில்லிங்ஸ் 1995 இல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தார். ஜெனிவா கே 2000 இல் வெளியிட்ட நூலில் அதனை வகுப்பறை நடைமுறையாக விரித்துரைத்தார்.

இக்கோட்பாட்டோடு இணைத்து நோக்கத்தக்கவை இரண்டு. லூயிஸ் மோல் முதலியோர் அரிசோனாவில் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர் குடும்பங்களிடையே ஆய்வு செய்து, 1992 இல் ‘அறிவு வளம்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். ஆசிரியர்கள் அக்குடும்பங்களின் இல்லங்களுக்குக் கற்பிப்போராகச் செல்லாமல் கற்போராகச் சென்றனர். வேளாண்மை, கட்டுமானம், மருந்து, வணிகம் எனக் குடும்பங்கள் கொண்டிருந்த அறிவைப் பாடத்திற்குள் கொணர்ந்தனர். மற்றொன்று, ஜிம் கம்மின்ஸ் 1979 இல் முன்வைத்த மொழிச் சார்புநிலைக் கருதுகோள். முதல் மொழியில் பெற்ற கருத்தறிவு இரண்டாம் மொழிக்குக் கைம்மாறுகிறது என்பது அதன் சாரம். ஐந்துவரை எண்ணுதல் என்பதைத் தன் மொழியில் உணர்ந்த குழந்தை, மற்றொரு மொழியில் எண்ணின் பெயர்களை மட்டுமே புதிதாகக் கற்கவேண்டும். எண்ணுதல் என்னும் செயலை மீண்டும் கற்க வேண்டியதில்லை.

எல்லை நகர்ந்த நிலம்

முருகனின் அறுபடைவீடுகளுள் ஒன்றாகப் போற்றப்படும் திருத்தணியில் 365 படிகள் ஏறி வழிபடும் அடியார்களிடையே தமிழும் தெலுங்கும் இணையாக ஒலிக்கின்றன. இவ்விருமொழிச் சூழலுக்கு ஓர் அரசியல் வரலாறும் உண்டு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அம்மாநிலத்தில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் தலைமையில் நிகழ்ந்த வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாகப் படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1959 இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சார்ந்த சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன.

குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு அவர்கள்மீது இருமுறை நகர்ந்தது. ஒரே வீட்டில் ஒரு தலைமுறை தெலுங்கிலும் அடுத்த தலைமுறை தமிழிலும் கல்வி பெறும் நிலை இதனால் உருவாயிற்று. திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தெலுங்கு பேசும் குடும்பத்தைச் சார்ந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எல்லைப் போராட்டத்தின் உணர்வுக் காரணங்களுள் ஒன்று கல்வி சார்ந்ததாகும். வடவெல்லைப் பகுதியில் வாழ்ந்த தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ்க் கல்வி கிட்டவில்லை என்னும் குறை அன்று வலுவாக எழுந்தது. மங்கலங்கிழார் இப்பகுதியின் ஊர்களில் தமிழ் கற்பிப்பதைத் தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டமைக்கும் இக்குறையே தூண்டுகோல். தன் வீட்டு மொழி ஒலிக்காத பள்ளியில் ஒரு குழந்தை எதனை இழக்கும் என்பதை இவ்வட்டாரம் தன் பட்டறிவாலேயே அறியும். அவ்வறிவை இன்று இங்கு வரும் பிறமொழிக் குழந்தைகளுக்கும் பொருத்திப் பார்ப்பதே முறையாகும்.

பருவந்தோறும் வருவோர்

திருத்தணி வட்டாரத்தில் மூவகைக் குடும்பங்களைக் காணலாம். முதல் வகையினர் தலைமுறைகளாக இங்கு வாழும் தெலுங்குக் குடும்பத்தினர். இரண்டாம் வகையினர் நகரி, புத்தூர் முதலிய எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து நெசவு, வணிகம், திருமண உறவு ஆகியவற்றின் பொருட்டு வந்து போவோர். இவ்விரு வகையினருக்கும் தமிழ் முற்றிலும் அயல்மொழியன்று.

மூன்றாம் வகையினரின் நிலை வேறு. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா, களஹாண்டி முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளுக்கு வருகின்றன. அங்கு புத்தரிசி விழாவான நுவாகாய் நாளையொட்டி முன்பணம் பெற்று, மழைக்காலம் முடிந்தபின் புறப்பட்டு, அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்புவது வழக்கம். கணவன், மனைவி, பிள்ளை என்னும் தொகுதியே ஓர் உழைப்பு அலகாகக் கொள்ளப்படுகிறது. முன்பணம் கழியும்வரை சூளையைவிட்டு நீங்க இயலாத கொத்தடிமை நிலையும் இதில் நேர்கிறது. 2011 இல் இம்மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து 500க்கும் மேற்பட்ட ஒடிசா மக்கள் குழந்தைகளோடு மீட்கப்பட்டமை இதற்குச் சான்று. சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கும் இருளர் குடும்பங்களும் மாவட்டத்திற்குள்ளேயே இடம்பெயர்வோர் ஆவர்.

இக்குடும்பங்களின் ஆண்டுச் சுழற்சி கல்வியாண்டோடு ஒத்துப்போவதில்லை. கல்வியாண்டு தொடங்கிப் பல மாதங்கள் கழித்துக் குழந்தை இங்கு வருகிறது. அது முடியும் தறுவாயில் திரும்புகிறது. ஒடியா மொழிப் பாடநூல்களோடும் அம்மொழி பேசும் கற்பிப்போரோடும் சூளைப் பள்ளிகள் இம்மாவட்டத்தில் நடத்தப்பட்டுள்ளன. அவை பாராட்டத்தக்கவை. எனினும் அவற்றின் நோக்கம் பள்ளி வயதுக் குழந்தைகளைச் சார்ந்தது. மேலும், மேற்கு ஒடிசாக் குடும்பங்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. அது பாடநூல் ஒடியாவினின்று வேறுபட்டது. எனவே ‘ஒடிசாக் குழந்தை’ எனப் பதிவேட்டில் எழுதுவதனால் மட்டும் அதன் வீட்டுமொழி இன்னதென அறிந்ததாகாது.

சட்டமும் கொள்கையும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டன. தமிழகத்தில் இன்று ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. 2002 ஆம் ஆண்டின் 86 ஆவது திருத்தத்திற்குப்பின், ஆறு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் முன்பருவப் பராமரிப்பும் கல்வியும் வழங்க முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 45 ஆவது உறுப்பு கூறுகிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதி வேண்டும் என்பது 350அ உறுப்பு. 2013 ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, தாய்மொழி அல்லது வீட்டுமொழியே முன்பருவக் கல்வியின் முதன்மை உரையாடல் மொழி எனத் தெளிவாக்குகிறது. அதே ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியது.

2021 இல் நடைமுறைக்கு வந்த போஷன் டிராக்கர் செயலியில், இடம்பெயரும் பயனாளியைப் புதிய மையத்திற்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உள்ளது. ஆதலின் உணவுக்கும் எடைக் கண்காணிப்புக்கும் எல்லை தாண்டிய வழி ஓரளவு திறந்துள்ளது. குழந்தை எம்மொழியில் பேசுகிறது, எதனை அறிந்திருக்கிறது என்னும் செய்திகள் அவ்வழியே வருவதில்லை. கொள்கைக்கும் மையத்தின் அன்றாடத்திற்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே இக்கட்டுரையின் மையச் சிக்கல்.

மௌனம் என்னும் தவறான அளவுகோல்

இரண்டாம் மொழிச் சூழலுக்குள் நுழையும் இளங்குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோ பேசாதிருப்பது இயல்பு. இதனை மொழியியலாளர் ‘மௌனப் பருவம்’ என்பர். அப்பருவத்தில் குழந்தை கேட்கிறது, பிறரைப் பார்த்துச் செய்கிறது, சைகையால் விடையளிக்கிறது. இதனை அறியாத மதிப்பீடு அம்மௌனத்தை வளர்ச்சிக் குறைவாகப் பதிவுசெய்துவிடும். ஆறு மாதமே தங்கும் சூளைக் குழந்தைக்கு இது பெருங்கேடு. மௌனம் கலையும் வேளையில் குடும்பம் ஊர் திரும்புகிறது. அடுத்த ஆண்டு வேறொரு சூளையில், வேறொரு மையத்தில் மௌனம் மீண்டும் தொடங்குகிறது. இவ்வாறு இருமுறையோ மும்முறையோ நேர்ந்தால் முன்பருவம் முழுதும் கழிந்துவிடும். ஆகவே வளர்ச்சி மதிப்பீட்டை வீட்டுமொழியில், தாய் உடனிருக்கச் செய்தல் இன்றியமையாதது.

மையத்தின் அன்றாடத்தில் பண்பாட்டு இயைபு

தமிழக அங்கன்வாடிகளின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவற்றின் வழியே அமைந்தது. எழுத்துச் சுமையற்ற இவ்வமைப்பு பிறமொழிக் குழந்தைக்கு ஏற்றதாகும். அதனுள் கீழ்க்காணும் ஐந்து இடங்களில் வீட்டுப் பண்பாட்டை எளிதாக இணைக்கலாம்.

*பெயர்:* குழந்தையின் பெயரை அதன் வீட்டில் அழைக்குமாறே அழைப்பது முதற்படி. தெலுங்கும் ஒடியாவும் நான்கு எழுத்துகளால் வேறுபடுத்தும் வல்லொலிகளைத் தமிழ் ஓரெழுத்தால் எழுதுகிறது. இதனால் பதிவேட்டுப் பெயரைப் படித்தழைக்கும்போது ஒலி மாறுகிறது. குழந்தை தன்னையே அழைக்கிறார்கள் என உணராது போகலாம். தாயிடம் ஒருமுறை கேட்டு ஒலியைப் பழகுதல் போதுமானது.

*உடலும் எண்ணும்:* முன்பருவப் பாடங்களில் முதலில் வருவன உடலுறுப்புகளும் எண்களும். தெலுங்கின் தல, கன்னு, முக்கு, செவி, காலு என்பன தமிழின் தலை, கண், மூக்கு, செவி, கால் என்பவற்றோடு நெருங்கியவை. தமிழ்ப் பேச்சுவழக்கின் ‘ரெண்டு’ தெலுங்கிலும் அதுவே. இவ்வொற்றுமையைச் சுட்டிக்காட்டிக் கற்பித்தால் தெலுங்குக் குழந்தை தமிழை விரைந்து பற்றிக்கொள்ளும். பொருள் மயங்கும் சொற்களும் உண்டு. தெலுங்கில் ‘வான’ என்பது மழை. ‘வானத்தைப் பார்’ என்னும் தொடரைக் கேட்ட குழந்தை மழையைத் தேடினால் அது பிழையன்று; அக்குழந்தை தன் மொழியறிவைப் பயன்படுத்துகிறது என்பதற்கான சான்று. ஒடியாவின் துயி, தினி, சாரி ஆகிய எண்ணுப்பெயர்கள் தமிழினின்று விலகியவை. அக்குழந்தைக்குச் செங்கல், கூழாங்கல், விரல் முதலியவற்றைக் கொண்டு இரு மொழியிலும் எண்ணச் செய்தல் ஏற்றது. சூளையில் செங்கல் அடுக்குவதைக் கண்டு வளரும் குழந்தைக்கு வரிசை, அடுக்கு, எண்ணிக்கை ஆகிய கருத்துகள் முன்பே அறிமுகமானவை. மோல் குறிப்பிடும் அறிவு வளம் என்பது இதுவே.

*உணவு:* பழைய சோறு தமிழர்க்கு உரியது, தெலுங்கில் அது சத்தன்னம், ஒடிசாவில் பகால. கேழ்வரகுக் களி சித்தூர்ப் பகுதியில் ராகி சங்கடி. பெயர்கள் வேறாயினும் உணவின் இயல்பு ஒன்றே. மையத்தில் வழங்கும் கலவை சாதத்தையோ சத்துமாவையோ குழந்தை முதல் நாட்களில் மறுத்தால், அதன் வீட்டு உணவு எது என அறிந்து, அதற்கு நெருங்கியதிலிருந்து தொடங்கலாம்.

*பாட்டு:* குழந்தைக்கு நிலவைக் காட்டிச் சோறூட்டும் பாட்டு தமிழிலும் தெலுங்கிலும் உண்டு. தமிழின் தாலாட்டு தெலுங்கில் ஜோலபாட்டு எனப்படும். மாதந்தோறும் நிகழும் தாய்மார் கூட்டத்தில் ஒரு தாய் தன் மொழிப் பாட்டு ஒன்றைப் பாட, எல்லாக் குழந்தைகளும் அதனைக் கற்கலாம். இதனால் தமிழ்க் குழந்தைகளுக்கும் பிறமொழி மதிக்கத்தக்கது என்னும் உணர்வு அமைகிறது; அத்தாய்க்கும் அம்மையம் தனதென்னும் எண்ணம் உண்டாகிறது.

*நேரம்:* சூளையில் செங்கல் அறுக்கும் பணி விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. மையம் திறக்கும் வேளையில் குழந்தையை அழைத்துவரத் தாயால் இயலாது. மூத்த பிள்ளையே இளைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நேர்வதால் இருவரும் கல்வியை இழக்கின்றனர். அங்கன்வாடி உதவியாளர் சூளைக்குச் சென்று குழந்தைகளை அழைத்துவருதலும், தொலைவு மிகுந்தால் பருவகாலக் கிளை மையம் அமைத்தலும் வழிகளாகும். குடும்பத்தின் வேலை நேரத்தை அறிந்து இசைதலும் பண்பாட்டு இயைபின் ஒரு கூறே.

பிற இடங்களின் பட்டறிவு

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்ட நிருவாகம் 2017 இல் தொடங்கிய ‘ரோஷ்னி’ திட்டத்தில், புலம்பெயர் குழந்தைகளின் மொழியறிந்த தன்னார்வலர் வகுப்பில் அமர்ந்து, குழந்தையின் மொழியிலிருந்து மலையாளத்திற்குப் படிப்படியாக அழைத்துச் சென்றனர். டில்லியில் மீரா மகாதேவன் 1969 இல் தோற்றுவித்த ‘மொபைல் கிரஷஸ்’ அமைப்பு, கட்டுமானத் தொழிலாளர் இருக்கும் இடத்திலேயே குழந்தைகள் காப்பகம் நடத்திக் காட்டியது. நியூசிலாந்தில் 1982 இல் எழுந்த ‘கோஹங்கா ரெயோ’ என்னும் மொழிக்கூடு இயக்கத்தில் மாவோரி முதியோரே முன்பருவ மையங்களுக்கு வந்து தம் மொழியைப் பேரக்குழந்தைகளுக்கு அளித்தனர். இம்மூன்றும் முறையே மொழியறிந்த துணைவர், வேலையிடத்திலேயே மையம், குடும்பத்தினரின் பங்கேற்பு ஆகியவற்றின் பயனை உணர்த்துகின்றன.

எழக்கூடிய ஐயங்கள்

வீட்டுமொழிக்கு இடமளித்தால் குழந்தை தமிழ் கற்பது தாழ்ந்துபோகாதா என்னும் ஐயம் எழலாம். தமிழ் கற்பித்தல் இக்குழந்தைகளின் உரிமை. 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டத்தின்படி பள்ளியில் அது கட்டாயப் பாடமும் ஆகும். வீட்டுமொழி தமிழுக்குச் செல்லும் படியாக அமைவதையே கம்மின்ஸின் கருதுகோள் காட்டுகிறது. அச்சமின்றி வாய்திறக்கும் குழந்தையே புதிய மொழியையும் முயன்று பேசும்.

அங்கன்வாடிப் பணியாளரின் சுமை கூடுமே என்பது இரண்டாவது ஐயம். இது முற்றிலும் நியாயமானது. பதிவேடு, செயலி, உணவு, தடுப்பூசி எனப் பணிகள் ஏற்கெனவே நிறைந்துள்ளன. ஆயின் அங்கன்வாடிப் பணியாளர் அந்தந்த ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவோர். திருத்தணி வட்டாரத்தில் அவர்களுள் இருமொழி அறிந்தோர் இருப்பது இயல்பு. அழும் தெலுங்குக் குழந்தையிடம் தெலுங்கில் பேசித் தேற்றிவிட்டுத் தமிழில் பாட்டைத் தொடர்வதற்கு அவர்களுக்குத் தனிப்பயிற்சி தேவையில்லை. இத்திறனைத் தகுதியாக ஏற்று, பயிற்சியில் பேசுபொருளாக்கி, ஒடியா பேசும் குழந்தைகளுக்குச் சூளைக் குடும்பங்களிலிருந்தே ஒருவரை ஊதியத்தோடு பருவகாலத் துணைவராக அமர்த்தினால் சுமை குறையும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. திருத்தணி வட்டாரத்தின் இருமொழிப் பழக்கம் எல்லை வரலாற்றால் விளைந்த ஒரு கல்வி வளம். அது பாடத்திட்டத்திலும் பயிற்சியிலும் இடம்பெறத்தக்கது.

2. சூளைக் குழந்தைகளின் மௌனத்தை வளர்ச்சிக் குறைவாகப் பதியாதிருக்க, மதிப்பீடு வீட்டுமொழியில் நிகழவேண்டும்.

3. இடம்பெயரும் குழந்தையோடு ஓர் அறிமுகத் தாள் செல்லவேண்டும். வீட்டில் அழைக்கும் பெயர், வீட்டுமொழி, விரும்பி உண்பது, அறிந்த பாட்டு, எண்ணும் அளவு, தண்ணீர், பசி, வலி, கழிப்பறை ஆகியவற்றுக்கு அக்குழந்தை வழங்கும் சொற்கள் என ஒரு பக்கத்தில் அது அடங்கும்.

4. மையத்தின் நேரமும் இடமும் சூளையின் வேலை முறைக்கு ஏற்ப நெகிழவேண்டும். முன்பணத்தால் கட்டுண்ட குடும்பத்தின் விடுதலை தொழிலாளர் சட்டங்களின் பொறுப்பு. அது நிறைவேறாத இடத்தில் கல்வித்துணை மட்டும் முழுப்பயன் தராது.

தன் குழந்தைகள் தம் மொழியில் கற்கவேண்டும் எனப் போராடி எல்லையை மாற்றிய நிலம் திருத்தணி. அந்நிலத்தின் அங்கன்வாடிகளில் தெலுங்குக் குழந்தையும் சம்பல்புரி பேசும் குழந்தையும் தத்தம் மொழியில் ஒரு சொல்லேனும் கேட்டு அமைதியுறுதல் அவ்வரலாற்றோடு பொருந்துவதாகும். இவ்வட்டார மையங்களில் நேரடிக் களஆய்வு மேற்கொண்டு இம்முன்மொழிவுகளைச் செயல்முறையில் சோதித்தறிவது அடுத்தகட்ட ஆய்வுக்கு உரியது.